கோள் கடந்த நேரம்

செயற்கைக்கோள் தரவோடு வேலை செய்கிறேன் என்றால், வானத்தில் ஒரு தெர்மாமீட்டர் சுற்றுகிறது, நான் அதைப் படித்து எழுதிக்கொள்கிறேன் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். வேலையில் சேரும்வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். காலநிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரி என்பது ஊகம், செயற்கைக்கோள் தருவது உண்மை. இந்தப் பிரிவினை எவ்வளவு வசதியானது!

காற்றின் வெப்பநிலையை எந்தச் செயற்கைக்கோளும் நேரடியாக அளப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில் நுண்ணலைகளை உமிழ்கின்றன. சுமார் 850 கி.மீ. உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றும் கோள் அந்த உமிழ்வின் வலிமையைப் பதிவு செய்கிறது. அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுவது நாம். அந்தக் கணக்குக்குள்ளும் இயற்பியல் சமன்பாடுகள்தான் இருக்கின்றன. அதாவது, ‘தரவு’ என்று நாம் கும்பிடும் எண்ணுக்குள்ளேயே சின்னதாக ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கருவிகளின் தொடர் 1978-இன் இறுதியில் அமெரிக்காவின் டைரோஸ்-என் கோளோடு தொடங்கியது. நாளைய வானிலையைக் கணிக்க அனுப்பப்பட்டவை அவை; நாற்பது ஆண்டு மாற்றத்தைச் சொல்ல அல்ல. ஒரு கோள் ஓய்வதற்குள் அடுத்தது மேலே போகும். இரண்டும் சேர்ந்து பறந்த மாதங்களை வைத்து ஒன்றை மற்றொன்றோடு ஒட்ட வேண்டும். என் அன்றாட வேலையில் பெரும்பகுதி இந்த ஒட்டு வேலைதான்.

எங்கள் பிரிவில் மதுரைக்காரர் ஒருவர் மூத்தவர். எந்த வரைபடத்தைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரே கேள்வி: “கோடு அழகாத்தாம்மா இருக்கு. கோள் அங்க எத்தனை மணிக்குப் போச்சு?” தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும். பழைய கோள்களில் பாதையைப் பிடித்து நிறுத்த வழி இல்லை. பிற்பகல் 2 மணிவாக்கில் ஓரிடத்தைக் கடந்த கோள், சில ஆண்டுகளில் அதே இடத்தை மாலை நெருங்கும்போது கடக்கும். காய்ச்சல்காரருக்கு ஒரு நாள் மதியமும் இன்னொரு நாள் பொழுது சாய்ந்தும் சூடு பார்த்துவிட்டு, இறங்கிவிட்டது என்று சொல்வதைப் போலத்தான்.

இது வெறும் நுணுக்கம் இல்லை. 1990-இல் அமெரிக்காவின் அலபாமாவில் வேலை செய்த ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் முதல் பத்தாண்டுத் தரவைத் தொகுத்து வெளியிட்டபோது, அதில் வெப்ப உயர்வு தெளிவாகத் தெரியவில்லை. “மாதிரிகள் சூடாகிறது என்கின்றன, வானம் இல்லை என்கிறது” என்ற வாதம் அதன்பின் பல ஆண்டுகள் ஓடியது. 1998-இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் ஒன்றைக் காட்டினார்கள்: மெல்லிய மேல்காற்றின் உராய்வில் கோள்கள் மெதுவாகக் கீழிறங்குகின்றன. கீழடுக்குக் காற்றின் எண்ணைச் சாய்ந்த பார்வைக்கும் நேர்ப் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். உயரம் குறைந்தால் கோணம் மாறும், இல்லாத குளிர்ச்சி ஒன்று எண்ணுக்குள் புகுந்துவிடும். 2005-இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் அடுத்ததைக் கண்டார்கள். கடக்கும் நேரம் நகர்வதற்காக அலபாமா குழு செய்த திருத்தத்தில் கூட்டல், கழித்தல் குறியே மாறியிருந்தது. அந்தக் குழுவும் ஒப்புக்கொண்டு சரிசெய்தது. பத்தாண்டுக்குச் சுமார் 0.09 டிகிரி என்றிருந்த உயர்வு 0.12 ஆனது. இன்றும் வெவ்வேறு குழுக்களின் எண்கள் ஒன்றல்ல, ஆனால் எல்லாமே மேல்நோக்கித்தான் போகின்றன.

இதைச் சொல்லி மாதிரிகளுக்கு மாலை போட வரவில்லை. மாதிரி உலகத்தைக் கட்டங்களாக வெட்டுகிறது. பல மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். மேகம் அதைவிடச் சிறியது, ஆகவே மேகத்தைத் தோராயமாகத்தான் எழுத முடிகிறது. அந்தத் தோராயம் எங்கே இடறுகிறது என்பதைக் கோள்கள் காட்டிக்கொடுக்கின்றன. வெப்பமண்டலத்தின் உயர்ந்த காற்றில் பல மாதிரிகள் கோள்கள் காண்பதைவிட அதிகம் சூடாகின்றன. அண்மைத் தலைமுறை மாதிரிகளில், கார்பன் டை ஆக்சைடு இருமடங்கானால் 5 டிகிரிக்கு மேல் உயரும் என்பவையும் உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை எல்லா மாதிரிகளையும் கூட்டிச் சராசரி எடுத்து அப்படியே நம்பிவிடவில்லை. நடந்த வெப்ப உயர்வோடு உரசிப் பார்த்துத்தான் வருங்கால எண்களைத் தந்தது.

வேலையில் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் ஸ்ட்ராட்டோஸ்பியருடையது, அதாவது வானிலை நடக்கும் அடுக்குக்கு மேலே உள்ள காற்றடுக்குடையது. 1967-இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும், இன்றைய கைப்பேசி சிரிக்கக்கூடிய கணினியில், காற்றை ஒற்றைத் தூணாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு கூடினால் கீழே சூடாகும், மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும் என்று விடை வந்தது. சூரியன் காரணமாக இருந்தால் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அப்போது இதைச் சோதிக்கக் கோள் கிடையாது. பிறகு வந்த கோள்கள் பல பத்தாண்டுகளாக அந்தக் குளிர்ச்சியைப் பதிவு செய்திருக்கின்றன. அதில் ஓசோன் குறைந்ததற்கும் பங்கு உண்டு. அதைப் பிரித்தெடுக்க மறுபடியும் மாதிரியிடம்தான் போக வேண்டும். மனாபேக்கு நோபல் பரிசு 2021-இல் வந்தது.

இப்போதைய, ஐரோப்பாவின் மெட்ஆப் போன்ற வானிலைக் கோள்களில் உந்திகள் இருக்கின்றன. பணிக்காலத்தின் பெரும்பகுதி கடக்கும் நேரத்தை விடாமல் பிடித்துவைக்கிறார்கள். அவற்றின் தரவைத் திறந்தால் பாதி வேலை குறைந்தது போலிருக்கும். ஆனால் அவற்றை 1980-களின் நகர்ந்துபோன கோள்களோடு இணைக்காமல் நீண்ட வரைபடம் கிடையாது. அதனால் நான் எப்போதும் திருத்தாத கோட்டையும் திருத்திய கோட்டையும் ஒரே தாளில் போட்டு, கடந்த நேரத்தை ஓரத்தில் எழுதித்தான் மதுரைக்காரரிடம் கொண்டுபோகிறேன். அவர் இப்போது உயரத்தைக் கேட்கிறார்.