மதில் வேலைக்கு நடுவே கேட்ட கூக்குரல்

குடும்ப ஜெபத்தில் இப்போது வேதாகமத்தின் நெகேமியா புத்தகம் வாசிக்கிறோம். இடிந்து கிடந்த எருசலேம் மதிலை யூதர்களைக் கொண்டு திரும்பக் கட்டிய தலைவர் அவர். 3-ஆம் அதிகாரம் வந்ததும், வெறும் பெயர்கள்தானே என்று தாண்டப் பார்த்தேன். "ஒரு பேரையும் விடாம வாசிப்பா" என்றார் அம்மா. வாசித்தேன். தட்டான் கட்டுகிறான், தைலக்காரன் கட்டுகிறான், சல்லூம் தன் மகள்களோடு கட்டுகிறான். பலருக்கும் கிடைத்தது அவரவர் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடந்த பகுதிதான். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் தோள் கொடுக்கவில்லை. அதையும் வேதம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது 5-ஆம் அதிகாரம். வெளியே சன்பல்லாத், தொபியா என்ற பகைவர்கள் மதில் வேலையை எதிர்க்கிறார்கள், சரி. உள்ளே? பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்துவிட்டு, பெற்ற பிள்ளைகளையே அடிமைகளாக்கி ஏழைகள் கதறுகிறார்கள். வட்டி வாங்குவது பாபிலோனியன் இல்லை, சொந்த யூத சகோதரன்! எருசலேமின் மதில் எழும்பும்போதே இதுவும் நடக்கிறது.

நெகேமியாவுக்கு மிகவும் கோபம் வந்தது. தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, இன்றைக்கே நிலங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். மதில் 52 நாளில் முடிந்தது.

எங்கள் சபைக் கட்டட நிதிக்கு இந்த மாதம் நான் மனமாரக் கொடுத்தேன். வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கோ போன மாதச் சம்பளத்தில் பாதி பாக்கி. "அப்புறம் வாங்கிக்கிறேம்மா" என்று அவர் என் மனைவியிடம் சொன்னது ராத்திரி முழுக்கக் காதில் கேட்டது.

காலையில் முதல் வேலையாக அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு வந்தோம்.