ஈரம் இருந்தால் வெடிக்கும்

சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் பஞ்சலோகச் சிலை வார்ப்பதை முதன்முதலாகப் பார்த்தபோது, மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) கொதித்த உலோகத்தைக் காட்டிலும் மண் அச்சின் மீதே பெரியவரின் கண் இருந்தது எனக்கு வியப்பளித்தது. மெழுகு உருவத்தின் மீது காவிரி வண்டல் பூசி உலர்த்திய அச்சை நெருப்பில் சுட்டு உள்ளிருந்த மெழுகை வடித்த பிறகும், "துளி ஈரம் இருந்தாலும் தூக்கி அடிச்சிடும் தம்பி, தள்ளியே நில்லுங்க" என்றார்.

ஆனால் நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் வெடிப்பதில்லை, முத்துப்போல் உருண்டோடுகிறது. துளிக்கும் கல்லுக்கும் இடையே உண்டாகும் மெல்லிய நீராவிப் படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே காரணம். 1756இல் இதை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரே இவ்விளைவுக்கு நிலைத்தது. (நம் பாட்டிமார் இதை வைத்துத்தான் கல்லின் சூட்டைக் கணித்தார்கள்.)

ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள எரிமலைக் குழம்பு கடலுக்குள் வழியும்போதும் இத்தகைய படலம் உருவாகிறது. மேற்பரப்பு நொடிகளில் கண்ணாடிபோல் இறுகித் தலையணை வடிவக் கற்களாகிறது. பாறை வெப்பத்தை அரிதாகவே கடத்துவதால் உள்ளே குழம்பு நெடுநேரம் உருகியே கிடக்கிறது. ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் 1973இல் துறைமுகத்தை நெருங்கிய குழம்பின் மீது கடல்நீரை மாதக்கணக்கில் இறைத்து அதன் ஓட்டத்தைத் தடுக்க முயன்றார்கள். இறுகிய அப்பாறைக்குள் தங்கிய வெப்பம் பின்னர் பல ஆண்டுகள் ஊரின் வீடுகளைச் சூடேற்றப் பயன்பட்டது.

வெடிப்பு நிகழ்வது அந்தப் படலம் குலையும்போதுதான். நீர் நேரடியாகத் தொட்டதும் குழம்பு சிதறுகிறது. சிதறச் சிதறப் பரப்பு பெருகி, இன்னும் அதிக நீர் ஆவியாகிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இச்சங்கிலி முடிந்துவிடுகிறது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 ஜூல் போதும். அதை ஆவியாக்க மேலும் 2,257 ஜூல் வேண்டும். அவ்வளவையும் உருகிய பாறை தயங்காமல் தருகிறது.

ஆழ்கடலில் மேலுள்ள நீரின் அழுத்தம் ஆவியை விரியவிடாது. ஆழமற்ற கரையோரத்திலோ, குழம்பின் அடியில் சிக்கிய நீரிலோ அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெரியவர் அஞ்சியதும் இப்படிச் சிக்கிய நீரைத்தான். அச்சின் மண்சுவருக்குள் ஒளிந்த ஒரு துளி ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியப் பார்க்கிறது. அச்சு பிளக்காவிட்டால் அதற்குப் பெருவழியாக இருப்பது உலோகம் ஊற்றும் வாய்தான், அந்த வாயருகில்தான் மூசையைப் பிடித்தவர் நிற்கிறார்.