பிழை எந்தப் பக்கம் நீளுகிறது: பழைய இலங்கைப் படங்களை இன்றைய நிலத்தில் பொருத்திப் பார்த்தது

கொஞ்சக் காலமாக ஓய்வு நேரத்தில் ஒரு வேலை செய்துவருகிறேன். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்துத் தேசப்படங்களின் ஸ்கேன் பிரதிகளை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற தேசப்பட மென்பொருளில் போட்டு, இன்றைய ஆள்கூறுகளோடு பொருத்திப் பார்ப்பதுதான் அது. மென்பொருளுக்குக் காசில்லை. படங்களுக்கும் பெரும்பாலும் இல்லை. ஹேக் நகரத்துத் தேசியச் சுவடிக்கூடம் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் படங்களை நல்ல தெளிவில் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. கொழும்புக் கோட்டையைப் பார்க்க நெதர்லாந்துக்காரரின் பெட்டியைத் திறக்கவேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. கம்பனியின் நிருவாக ஏடுகளில் ஒரு பெரும் பகுதி கொழும்பு 7இல், நமது தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கிறது. கறுவாத்தோட்டம் என்று நாங்கள் சொல்லும் பகுதி. 1769இல் ஆளுநர் ஃபல்க், காட்டுக் கறுவாவை மட்டும் நம்பியிராமல் மருதானைப் பக்கம் அதைப் பயிரிடத் தொடங்கியதன் தொடர்ச்சிதான் அந்தப் பெயர்.

முதலில் எடுத்தது 18ஆம் நூற்றாண்டுக் கொழும்புக் கோட்டைப் படம். பொருத்துவதற்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும்: பழைய படத்திலும் இருக்கவேண்டும், இன்றும் அதே இடத்தில் நிற்கவேண்டும். கோட்டை மதிலை ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடித்துவிட்டதால் தெரிவு குறைவு. பிறிஸ்டல் வீதியில் ஒரு வங்கிக் கட்டடத்துக்குள் டெல்ஃப்ட் வாசல் மிஞ்சியிருக்கிறது. இன்று உணவகங்களாக இருக்கும் ஒல்லாந்தர் வைத்தியசாலை இருக்கிறது. புறக்கோட்டையில், மரக்கறி வண்டிகளுக்கு நடுவே, கேமன்ஸ் கேற் மணிக்கோபுரம் நிற்கிறது. 1757இல் கட்டி முடித்த வுல்ஃபெண்டால் தேவாலயம், அதற்குப் பிந்திய படங்களுக்கு உதவும். ஒவ்வொன்றின் அருகிலும் போய் நின்று கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டேன். ஞாயிறு காலை புறக்கோட்டையில் நடக்கலாம். மற்ற நாட்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமையின் வண்டிக்கு வழிவிடுவதிலேயே நேரம் போய்விடும். கோட்டைக்குள் பழைய படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கட்டடங்களை நிமிர்ந்து பார்த்தால் காவலுக்கு நிற்பவர்கள் விசாரிப்பார்கள். கையில் படம் இருப்பவனைச் சந்தேகிப்பது இந்த ஊரில் கம்பனி காலத்திலிருந்தே வரும் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு அடையாள அட்டையைக் காட்டினேன்.

கடற்பக்கம் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அலைத்தடுப்புச் சுவர்களோடு துறைமுகம் வளர்ந்துவிட்டது. இப்போது 269 ஹெக்டேயர் துறைமுக நகரமும் கடலில் எழுந்திருக்கிறது. பேரை வாவியும் சுருங்கிவிட்டதால் ஏரிக்கரையையும் நம்ப முடியாது. மிச்சமுள்ள புள்ளிகளை வைத்துப் பொருத்தியதில், கோட்டையின் உட்பகுதி அவ்வளவு நன்றாக உட்கார்ந்தது. அளவுகோல் ரைன்லாந்து றூட் கணக்கில் இருந்தது; ஒரு றூட் 3.767 மீற்றர். அதை வைத்துத் தெரு நீளங்களைக் கணக்கிட்டு இன்றைய செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டேன். பீரங்கி எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்குப் பார்த்து அரண் கட்டியவர்களுக்கு அந்தத் துல்லியம் உயிர்ப் பிரச்சினை. மதிலுக்கு வெளியே கொட்டாஞ்சேனைப் பக்கம் போகப் போகப் படம் நழுவுகிறது. தோட்டங்களாகவும் மரங்களாகவும் அழகாக வரைந்திருக்கிறார்கள், ஆனால் இடம் பொருந்துவதில்லை.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் மிச்சம் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. படத்தைப் பொருத்த மென்பொருள் பல வழிகளைத் தருகிறது. பெரும்பாலான பயிற்சிக் காணொளிகளில் பழைய படத்துக்குத் தின் பிளேற் ஸ்பிளைன் முறையைப் பரிந்துரைப்பார்கள். அது படத்தை இரப்பர் போல இழுத்து, நீங்கள் குறித்த புள்ளி ஒவ்வொன்றையும் சரியாக உட்காரவைத்துவிடும். பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் வரைந்தவர் எங்கே சறுக்கினார் என்ற தடயமும் அதோடு போய்விடும். ஹெல்மெர்ட் முறை படத்தைத் திருப்பும், பெருக்கும், நகர்த்தும், வளைக்காது. மிஞ்சுகிற பிழையை ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிவப்புக் கோடாகக் காட்டும். நான் அதையே எடுத்துக்கொண்டேன். எனக்குப் படம் வேண்டாம், அந்தச் சிவப்புக் கோடுகள்தான் வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “தம்பி, நிலம் அளக்கிற சங்கிலி போன இடமும் கண் மட்டும் போன இடமும் ஒண்டில்லை. கோடு சின்னதா இருக்கிற இடத்தில சங்கிலி போயிருக்கும்” என்றார். “கோடு நீளமா இருக்கிற இடம், ஐயா?” “அங்க போக விட்டிருக்க மாட்டாங்கள்.”

இதை மனதில் வைத்துக்கொண்டு முழுத்தீவுப் படத்துக்குப் போனேன். பழங்காலப் புவியியலாளர் தொலமி தப்ரபேன் என்று பெயரிட்டுக் காட்டிய இலங்கையை இந்த விளையாட்டுக்குச் சேர்க்க முடியாது. அவர் கணக்கில் தீவு பல மடங்கு பெருத்து, மத்தியகோட்டையும் தாண்டித் தெற்கே இறங்குகிறது. அலெக்சாந்திரியாவில் இருந்தபடி வணிகர் வாய்க்கேட்டு எழுதியது. ஆளுகிற நோக்கம் எதுவும் அதில் இல்லை, ஆகவே ஏமாற்றும் இல்லை. எனக்கு அந்தப் பெரிய தப்ரபேன்மேல் ஒரு பிரியமே உண்டு.

ஒல்லாந்தர் படம் வேறு கதை. பல படங்களில் வடக்கு மேலே இல்லை, கப்பலிலிருந்து வருகிறவனுக்கு வசதியான பக்கம் மேலே இருக்கிறது. திருப்பிப் போடத்தான் வேண்டும். நான் எடுத்த அச்சுப் படத்தில் நீர்கொழும்பு, கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு குட்டை. உள்ளே கண்டிப் பக்கம் போனால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் நீளுகிறது. ஆறுகள் கழிமுகத்தில் ஒழுங்காகத் தொடங்கி உள்ளே போனதும் கற்பனைக்கு மாறுகின்றன. மலைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே அச்சு. இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் கண்டிக்குள் போகும் வழிகளில் முள்வாசல் போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். பாதைகளை அகலமாக்கவும் விடவில்லை. அந்தக் கோடுகளின் நீளம் அந்தக் காவலின் வெற்றி. 1766 உடன்படிக்கையில் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் கம்பனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன் பிறகும் உள்நாடு அவர்கள் படத்தில் சரியாக உட்காரவில்லை. ஒரு விதிவிலக்கு இருந்தது, சிவனொளிபாதமலை. உள்நாட்டில் இருந்தும் அதன் கோடு மற்றவற்றைவிடக் குட்டை. கொழும்புக்கு வெளியே கடலில் நிற்கும் கப்பலுக்குக்கூட அந்தச் சிகரம் தெரியும். அனுமதி கேட்காமல் அளக்கக் கிடைத்த ஒரே மலை.

யாழ்ப்பாணத்தில் நிறைய நேரம் செலவழித்தேன், சொந்த ஊர்ப் பாசம் வேறு. போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் கோட்டையைப் பிடித்தவர்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட். அம்ஸ்ரர்டாம், டெல்ஃப்ட், மிடில்பேர்க் மூன்றும் கம்பனிக்கு முதல் போட்ட நகரங்கள். பங்காளிகளின் பெயரைத்தான் தீவுகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். 1672இல் அம்ஸ்ரர்டாமில் பல்தேயஸ் பாதிரியார் வெளியிட்ட நூலில் இந்தப் பெயர்களோடு படங்கள் வந்தன. அம்மம்மாவின் ஊரை மிடில்பேர்க் என்று அச்சில் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அங்கே ஒரு வீட்டில்கூட அந்தப் பெயரைச் சொல்லக் கேட்டதில்லை. டெல்ஃப்ட் மட்டும் அரச பலகைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் இடத்தைப் பொறுத்தவரை குடாநாடு கண்டியைவிட எவ்வளவோ ஒழுங்கு. காணித் தோம்பு, தலைத் தோம்பு என்று ஆளையும் மண்ணையும் ஏட்டில் ஏற்றி வரி வாங்கிய இடம். ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட ஊர்ப் பிரிவுகளை, கோவில்பற்று கோவில்பற்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆங்கிலேயர் படத்துக்கு வந்ததும் கோடுகள் உள்நாட்டிலும் சுருங்கத் தொடங்குகின்றன. 1796இல் கொழும்பைப் பிடித்தவர்கள் 1800 ஓகஸ்ட் 2இலேயே நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கிவிட்டார்கள். 1815இல் கண்டி விழுந்தது. 1822இல் ஷ்னைடரின் படம், பின்னர் 1862இல் ஜோன் ஃபிரேசரின் படம். இந்த ஃபிரேசர்தான் 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரப் பாலம் கட்டியவர். பாலம் கட்டியவரும் படம் வரைந்தவரும் ஒரே ஆள் என்பது தற்செயல் இல்லை. பீரங்கி வண்டி போகிற தெருவைப் போட்டவனுக்கு அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர் படத்தைப் பொருத்தினால் தெருவோரப் புள்ளிகள் நன்றாகப் படிகின்றன.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இதோடு சேர்த்து வாசிக்கவேண்டும். காடு, தரிசு, குடியில்லாத, பயிரில்லாத நிலமெல்லாம் மாற்றாக நிரூபிக்கும்வரை முடிக்குரியது என்று அது சொன்னது. அளக்காமல் விற்க முடியாது, விற்காமல் கோப்பித் தோட்டம் வராது. 20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதிக்குள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் முழுத்தீவையும் மூடிய படத் தாள்கள் முடிந்தபோது, மலைநாட்டுத் தாள்களில் டன்சினேன், டிரேட்டன், எடின்பரோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் துரைமாரின் ஊர்ப் பெயர்கள். அங்கே கொழுந்து பறித்த நம்மவர்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தாளில் தேயிலைத் தொழிற்சாலை சரியான இடத்தில் இருக்கும், தமிழ்ப் பெயர் இருக்காது.

இந்தத் துல்லியமான படங்களைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது அளவையாளர் ஐயா ஒரு வேலை செய்தார். தன் வீட்டுக் காணிப் படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பரப்பளவு ஏக்கர், றூட், பேர்ச் கணக்கில். இந்த றூட் கால் ஏக்கர், ஒல்லாந்தரின் நீள அளவான றூட் இல்லை. கொழும்பில் காணி விலை பேசுகிற எவரும் இன்றும் பேர்ச்சில்தான் பேசுவார். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. யாழ்ப்பாணத்தில் ‘பரப்பு’ என்ற காணி அளவில் கணக்குச் சொல்கிற அதே மனிதர் வெள்ளவத்தையில் வீடு வாங்கும்போது பேர்ச்சுக்கு மாறிவிடுவார். நான் எல்லாப் படங்களையும் பொருத்துவது 1999ஆம் ஆண்டின் இலங்கைத் தேசிய ஆள்கூற்று முறையில். அதன் அடியில் பூமியின் வடிவத்துக்கு எடுத்திருப்பது எவரெஸ்ட் 1830 என்ற கணக்கு, இந்தியாவின் சேர்வெயர் ஜெனரலாக இருந்த ஜோர்ஜ் எவரெஸ்ட் போட்டது. கம்பனிக்காரரின் பிழையை அளக்க நான் பிடித்திருக்கும் அடிமட்டமும் இன்னொரு கம்பனியிடமிருந்து வந்ததுதான். வேறு அடிமட்டம் கேட்டு அடம்பிடிக்கப் போவதில்லை, இது நன்றாக வேலை செய்கிறது.

இப்போது மேசையில் இருப்பது ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸின் படம். 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் கண்டி அரசில் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் தன் நூலோடு கண்டி இராச்சியத்தின் படத்தை அச்சிட்டவர். மற்றவர்கள் வெளியிலிருந்து எட்டிப் பார்த்ததை இவர் உள்ளேயிருந்து நடந்து பார்த்தவர். சங்கிலியும் இல்லை, படையும் இல்லை; ஊரூராகப் பொருள் விற்ற கால்கள் மட்டும். அநுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயா ஆற்றைப் பிடித்துக்கொண்டு மன்னார்ப் பக்கம் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் போன வழியை ஒரு தொகுதியாகவும், போகாத பக்கங்களை இன்னொரு தொகுதியாகவும் பிரித்துப் புள்ளி வைக்கப்போகிறேன். முதல் தொகுதியில் கோடுகள் குட்டையாக வந்தால், ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் செய்யச் சொல்லி அவரிடம் போவேன்.