மின்காந்தத்தோட பலம்: சுத்து எண்ணிக்கையை மட்டும் பாத்தா பத்தாது

ஆணியில செப்புக் கம்பி சுத்தி பேட்டரி மாட்டி எத்தனை குண்டூசி தூக்குதுன்னு எண்ணுற பரிசோதனை எனக்கு ரொம்ப புடிச்ச ஒண்ணு, ஆனா அதை வழக்கமா செய்யுற விதத்துல எனக்கு பெரிய மனக்குறை இருக்கு. 50 சுத்து சுத்தி எண்ணுவாங்க, அப்புறம் அதே பேட்டரியில 100 சுத்து, மறுபடி எண்ணுவாங்க, "சுத்து கூடினா பலம் கூடும்"னு எழுதி முடிச்சிடுவாங்க. ஆனா மாறினது சுத்து மட்டும் இல்லையே! கம்பி நீளமாச்சு, ரெசிஸ்டன்ஸ் ஏறுச்சு, கரண்ட் கொறஞ்சுது, அந்த கரண்டை யாருமே அளக்கல.

முக்கியமானது ஆம்பியர்-டர்ன்ஸ், அதாவது கரண்டையும் சுத்தையும் பெருக்குனா வர்றது. காயிலோட (சுத்தின கம்பிச் சுருளோட) நீளம் ஒண்ணா இருந்தா 100 சுத்துல 1 ஆம்பியர் ஓடினாலும் 10 சுத்துல 10 ஆம்பியர் ஓடினாலும் காந்தப்புலம் ஒண்ணுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 0.5 மி.மீ. எனாமல் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 0.088 ஓம். 8 மி.மீ. போல்ட்ல ஒரு சுத்துக்கு 2.7 செ.மீ. கம்பி போகும். 1.5 வோல்ட் செல், அதோட உள் ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓம்னு வச்சுக்குவோம். 50 சுத்துக்கு ஏறக்குறைய 235 ஆம்பியர்-டர்ன்ஸ் வரும், 100 சுத்துக்கு 345, 200 சுத்துக்கு 450. சுத்து நாலு மடங்கு, பலன் ரெண்டு மடங்கு கூட இல்ல. ஆயிரம் சுத்து சுத்தினாலும் 630ஐத் தாண்டாது, ஏன்னா வோல்டேஜை ஒரு சுத்தோட ரெசிஸ்டன்ஸால வகுத்தா வர்றதுதான் உச்ச வரம்பு. அந்த வரம்பை உசத்தணும்னா தடிமனான கம்பி வேணும், இல்லன்னா வோல்டேஜ் ஏத்தணும். அதிக சுத்தால வர்ற உண்மையான லாபம், பேட்டரி சீக்கிரம் தீராது, காயிலும் அவ்வளவா சூடாகாது.

இதை அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1830 வாக்குலயே புரிஞ்சுகிட்டார்ங்கறது எனக்கு இன்னிக்கும் பிரமிப்பு. 1825ல இங்கிலாந்துக்காரர் வில்லியம் ஸ்டர்ஜன் லாட வடிவ இரும்புக்கு வார்னிஷ் பூசி, மேல வெறுங்கம்பியை இடைவெளி விட்டு சுத்தி, சுமார் 4 கிலோ தூக்கிக் காட்டினார். ஹென்றி கம்பிக்கே இன்சுலேஷன் குடுத்து நெருக்கமா அடுக்கடுக்கா சுத்தினார், அதோட ஒத்தை செல்லுக்கு குட்டையான பல காயில்களை பேரலலா மாட்டணும், நிறைய செல் சீரிஸ்ல இருந்தா ஒரே நீள காயில் நல்லதுன்னு பிரிச்சு வச்சார். 1831ல ஹென்றி அமெரிக்காவுல இருக்கற யேல் கல்லூரிக்கு செஞ்சு குடுத்த காந்தம் 900 கிலோவுக்கு மேல தூக்குச்சு.

சரி, அளக்குறதுக்கு வருவோம். கட்டாயம் ஒரு அம்மீட்டரை சீரிஸ்ல மாட்டுங்க, ரியோஸ்டாட் (ரெசிஸ்டன்ஸை கூட்டிக் கொறைக்கிற கருவி) வச்சு கரண்டை ஒரே அளவுல நிறுத்திட்டு சுத்தை மாத்துங்க, அப்புறம் சுத்தை அப்படியே விட்டுட்டு கரண்டை மாத்துங்க. ஸ்விட்சை சில நொடி மட்டும் போடுங்க, செம்பு 10 டிகிரி சூடானா ரெசிஸ்டன்ஸ் 4 சதவீதம் ஏறிடும். குண்டூசி எண்ணுறது ரொம்ப கரடுமுரடான அளவு, ஊசி ஒண்ணோட ஒண்ணு சங்கிலி மாதிரி தொங்கும், ஊசியே காந்தமாயிடும். அதுக்கு பதிலா டிஜிட்டல் தராசுல உயரமான மரக்கட்டை வச்சு, அது மேல இரும்புத் துண்டை ஒட்டி, மேல இருந்து காந்தத்தை ஒரே இடைவெளியில பிடிச்சா எடை எவ்வளவு கொறையுதோ அதுதான் இழுவிசை. கட்டை உயரமா இருந்தாத்தான் காந்தம் தராசோட உள்பாகத்தை இழுக்காது.

காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பத்தி யாரும் பேசுறதில்ல, எனக்கு அதுதான் இதுலயே சுவாரஸ்யமான பகுதி. பேப்பர் கனம் சுமார் 0.1 மி.மீ., காந்தப் பாயத்துக்கு (காந்தக் கோடுகளோட ஓட்டத்துக்கு) அந்த பொடி இடைவெளி, காத்தை விட 2000 மடங்கு ஊடுருவுதிறன் (பாயத்தை சுலபமா கடத்துற தன்மை) உள்ள இரும்புல 20 செ.மீ. தூரம் போறதுக்கு சமம்! அதனாலதான் லாட வடிவ காந்தம் ரெண்டு முனையும் பட்டையா ஒட்டும்போது அப்படி பிடிக்குது, நடுவுல காகிதம் வச்சதும் பிடி தளர்ந்திடுது. நேரான போல்ட்ல இரும்புக்கு வெளிய காத்து வழியாத்தான் பாயம் திரும்பி வரணும், அதனால நீளம் விட்டத்தைப் போல 10 மடங்குன்னா இரும்பால கெடைக்கிறது ஆயிரம் மடங்கு இல்ல, சில பத்து மடங்குதான்.

இரும்பையும் கவனிக்கணும். கடினமான எஃகு ஆணி கரண்டை நிறுத்தின பிறகும் கொஞ்சம் காந்தமாவே இருக்கும், அடுத்த அளவீட்டைக் கெடுக்கும், அதனால மென்இரும்பு எடுங்க, கரண்டை சின்னதுல இருந்து மேல ஏத்திக்கிட்டே போங்க. இழுவிசை காந்தப்புலத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி வரும், அதனால கரண்ட் ரெண்டு மடங்கானா இழுவிசை ஏறக்குறைய நாலு மடங்காகும். ஆனா இரும்புக்குள்ள புலம் 2 டெஸ்லா (காந்தப்புலத்தோட அலகு) பக்கம் வந்ததும் இரும்பு நிறைஞ்சுடும், அதாவது அதால அதுக்கு மேல பெருசா காந்தமாக முடியாது, அதுக்கப்புறம் கரண்டை ஏத்த ஏத்த காயில் சூடாகுமே தவிர இழுவிசை கொஞ்சூண்டுதான் கூடும். ஆம்பியர்-டர்ன்ஸோட வர்க்கத்தை ஒரு அச்சுலயும் இழுவிசையை இன்னொரு அச்சுலயும் வச்சு கிராஃப் போட்டீங்கன்னா கோடு எங்க வளைய ஆரம்பிக்குதோ அங்கதான் இரும்பு நிறைய ஆரம்பிக்குது.