பசை

எங்கள் கணித ஆசிரியர் சேரின் அந்தியேட்டிக் கல்வெட்டு, அதாவது அவர் இறந்தபின் அச்சிட்ட நினைவு ஏடு, கைப்பேசியில் வந்து சேர்ந்தபோது கனடாவில், ஸ்காபரோவில் நள்ளிரவு. படத்தில் அதே வெள்ளை வேட்டி, அதே மூக்குக் கண்ணாடி. கையில் வெண்கட்டி மட்டும் இல்லை. அனுப்பிய நண்பன் கீழே எழுதியிருந்தான்: "பசை, பார்த்தாயா?"

பிரயோக கணிதம் மூன்றாம் பாடம் என்பதையும், இரண்டாம் பாடம் முடியுமுன்னரே சேர் வாசலில் வந்து நிற்பார் என்பதையும் அதே பள்ளியில் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1982இல் ஒரு நாள் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். நிலைப்படுத்திய ஒப்பமான கோளம், உச்சியில் ஒரு துணிக்கை, மெல்லத் தட்டிவிடப்படுகிறது. சக்திக் காப்பு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. உராய்வு இல்லை. மறுதாக்கம், அதாவது கோளம் துணிக்கையைத் தள்ளும் விசை, பாதைக்குச் செங்குத்து, எனவே அது வேலை செய்யாது. இழந்த அழுத்தசக்தி முழுவதும் இயக்கசக்தி. துணிக்கையைக் கோளத்தின் நடுமட்டம் வரை இறக்கி, அங்கே மறுதாக்கத்தையும் கண்டுபிடித்து, விடைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்: துணிக்கையின் நிறையைப் போல இரு மடங்கு, முன்னால் ஒரு சய (−) அடையாளம்.

சேர் அந்தச் சய அடையாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோளம் துணிக்கையைப் பிடித்து இழுக்கிறதோ, தம்பி? பசை பூசியது யார்?"

வகுப்பு சிரித்து அடங்கச் சில நிமிடங்கள் ஆயின. பிறகு அவரே விளக்கினார். வளையக் கம்பியில் கோத்த மணி என்றால் என் விடை சரி. கம்பியால் இழுக்கவும் முடியும், தள்ளவும் முடியும். கோளத்துக்குத் தள்ள மட்டுந்தான் தெரியும். இறங்க இறங்க அந்தத் தள்ளலும் குறைந்து, உச்சியிலிருந்து ஆரையின் மூன்றிலொரு பங்கு இறங்கியதும், ஏறக்குறைய 48 பாகையில், பூச்சியமாகிவிடும். அதற்குப் பிறகு துணிக்கை கோளத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. வேகத்தைச் சக்திச் சமன்பாடு சொல்லும். விலகிவிட்டதா என்பதை விசைகளிடந்தான் கேட்க வேண்டும். கோளம் பெரிதானாலும் துணிக்கை கனத்தாலும் சந்திரனில் வைத்துச் செய்தாலும் கோணம் மாறாது என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அன்று நான் இரசிக்கவில்லை.

அன்று முதல் நான் 'பசை'. ஏழாம் வகுப்புப் பொடியன்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். தவணைப் பரீட்சையில் அதே கோளம் வந்தது, சரியாகச் செய்தேன். சேர் புள்ளியைப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை நான் வெறுத்தேன் என்று இந்த மலரில் எழுதலாமோ தெரியாது. இன்று இங்கே பனிமேட்டில் பேரனின் சறுக்குப் பலகை ஒரு கணம் தரையை விட்டு எழும்பும்போது, மனம் தானாகவே மறுதாக்கத்தைப் பூச்சியமாக்கிப் பார்க்கிறது. வகுப்பில் முதலில் கழன்று போனது பசைதான் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

1984இல் கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், சொல்லிவிட்டுப் போகலாமென்று சேரின் வீட்டுப் படலை வரை போனேன். உள்ளே விளக்கு எரிந்தது. "எல்லா விசையும் குறித்துவிட்டாயோ? இன்னொருக்கால் பார், தம்பி" என்று யாரிடமோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாடம் முடியட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மணி அடிக்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.