கோட்டையிலிருந்து 500 மீற்றருக்குள்

பாரிஸ் புறநகர் வாடகை கட்டுப்படியாகாமல் லுவார் ஆற்றங்கரையில் உள்ள ஷோமோன் என்ற சின்னக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். ரயில் அக்கரையில் ஒன்சானில் நிற்கும். பாலம் தாண்டினால் மேட்டில் கோட்டை. பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்குப் போய் வந்தால்தான் முருங்கைக்காய். மற்றபடி ஊர் நல்ல ஊர்.

வந்ததும் முதல் வேலை, உக்கிப்போன யன்னல்களை மாற்றுவது. மலிவாக வெள்ளை பிளாஸ்டிக் போடலாம் என்றிருந்தேன். பக்கத்து வீட்டு மதாம் தலையை ஆட்டினார். பிரான்சில் 1943ஆம் ஆண்டே ஒரு சட்டம் வந்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 500 மீற்றருக்குள் யன்னல், கூரை, தமிழ் ரீவிக்கான டிஷ் என்று வெளித்தோற்றத்தில் எதைத் தொட்டாலும் மேரியில், அதாவது ஊர் நகரசபையில், விண்ணப்பம் போடவேண்டும். அரசின் கட்டடக் கலைஞர் பார்த்துக் கருத்துச் சொல்வார்.

சரி, அப்படி மாறாமல் எதைத்தான் காக்கிறார்கள் என்று மேட்டில் ஏறிப் பார்த்தேன். மாறாதது என்று அங்கே ஒன்றுமே இல்லை!

1000ஆம் ஆண்டையொட்டி புளுவா பிரபு முதலாம் ஓத் கட்டிய காவல் கோட்டையில் இன்று எதுவும் மிச்சமில்லை. பிறகு கோட்டையை வைத்திருந்த பியேர் தாம்புவாஸ் மன்னனை எதிர்த்த பிரபுக்களோடு சேர்ந்ததற்காக, அந்த மன்னன் பதினோராம் லூயி 1465இல் கோட்டையை எரித்து இடிக்கச் சொன்னான். பிறகு மன்னிப்புக் கிடைத்து, அந்தக் குடும்பமே திரும்பக் கட்டியது. மேற்குப் பக்கம் அப்போதையது: தடித்த வட்டக் கோபுரம், சண்டைக்கு ஆயத்தமான முகம். மகன், பேரன் என்று வேலை நீண்டு 1500ஐத் தாண்டும்போது இத்தாலியப் பாணி புகுந்துவிட்டது. வெளிச்சுவரில் எரியும் மலையும் பின்னிய இரண்டு 'சே' (C) எழுத்துகளும் செதுக்கியிருக்கிறார்கள். சார்ல் தாம்புவாஸின் அடையாளம் அது. வாசலுக்கு மேலே மன்னன் பன்னிரண்டாம் லூயிக்கும் அரசி ஆனுக்கும் ஆளுக்கொரு எழுத்து. எதிர்த்து அடிவாங்கிய குடும்பம் பிறகு அரண்மனையோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

கத்தரின் தெ மெதிசி 1550இல் இதை வாங்கினார். கணவன், மன்னன் இரண்டாம் ஆன்றி இறந்த கையோடு, அவனுடைய காதலி தியானிடமிருந்து ஷெனோன்சோ கோட்டையைப் பறித்துக்கொண்டு, பதிலுக்கு இதைத் தலையில் கட்டிவிட்டார். தியான் அதிகம் இங்கே தங்கவில்லை. ஆனாலும் அவருடைய எழுத்தும் பிறைநிலாவும் மேல்சுவரில் வரிசையாக இருக்கின்றன.

18ஆம் நூற்றாண்டில்தான் பெரிய துணிச்சல். நாலு பக்கமும் மூடியிருந்த முற்றத்தின் வடக்குப் பக்கத்தை, ஆறு தெரியவேண்டும் என்பதற்காக இடித்துத் தள்ளினார்கள். என்னைக் கேட்டால் கோட்டைக்கு நடந்த நல்ல காரியம் அதுதான்.

1875இல் வாங்கியது சீனி ஆலை முதலாளியின் மகள் மரி சே. புரோக்லி இளவரசரைக் கட்டி, ஆடம்பரமான குதிரை லாயம் போட்டார். கபுர்தலா மகாராஜா பரிசளித்த யானை ஒன்றும் இங்கே வாழ்ந்திருக்கிறது. நமக்கு முன்னமே அந்தப் பக்கத்திலிருந்து குடியேறிய சீவன்! பூங்காவுக்கு இடம் போதவில்லை என்று கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளையும் கோயிலையும் இடித்து, ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டவைத்தார்கள். 1938இல் கோட்டை அரசின் கைக்குப் போனது.

"அவர்கள் யாரிடம் விண்ணப்பம் போட்டார்கள்?" என்று மதாமிடம் கேட்டேன். "அவர்களிடம் காசு இருந்தது, மிஸ்யே" என்றார்.

அவரே உருப்படியான ஒரு புத்தியும் சொன்னார். எங்கள் வீடும் கோட்டையைப்போல துஃபோ என்ற மெதுவான சுண்ணாம்புக் கல்தான்; நகத்தால் கீறினாலே வெள்ளைமா உதிரும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நின்று கல்லை அரித்துவிடுமாம். சுண்ணாம்புச் சாந்துதான் பூசினோம். யன்னலை மரத்திலேயே செய்தோம். டிஷ் தெருவுக்குத் தெரியாமல் பின்கூரையில் இருக்கிறது. செலவு மட்டும் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு.