இரண்டாமிடத்தின் வணக்கவுரை

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் ஒரே நாளில் பள்ளியில் முதலிடம் யாருக்கு என்பது தெரிந்துவிடும் ஊரில் படித்தவள் நான். டெக்சஸில் என் மகள் 2024இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபோதுதான், இங்கே அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

முதலிடம் பெறுபவரை வேலடிக்டோரியன் என்றும் இரண்டாமவரைச் சாலுடடோரியன் என்றும் அழைக்கிறார்கள். முன்னவர் விடைபெறும் உரையும் பின்னவர் வரவேற்புரையும் ஆற்றுவது மரபு. இடத்தைத் தீர்மானிப்பது, பாடத்தின் கடினத்துக்கேற்ப எடை சேர்த்த ஜிபிஏ என்னும் மதிப்புச் சராசரி. எங்கள் பள்ளி மாவட்டத்தில், கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களில் உச்ச மதிப்பு 5, சாதாரணப் பாடங்களில் 4. என் மகளோ நான்கு ஆண்டுகளும் வயலினை விடாமல் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் இருந்தாள். அதற்கு மதிப்பு 4 மட்டுமே. கடைசி ஆண்டில் ஆறு ஏபி பாடங்களோடு ஆர்கெஸ்ட்ராவையும் எடுத்தவர், ஏழிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அவ்வாண்டுச் சராசரி 4.86தான், அந்த ஒரு மணி நேரத்தைக் காலியாக விட்டவருக்கோ 5. முழு மதிப்பெண் பெற்றதனாலேயே சராசரி குறையும் இந்த விந்தையைப் பள்ளி ஆலோசகர் எனக்குத் தாளில் போட்டுக் காட்டினார். வயலினை விட்டுவிடலாமா என்று நான் கேட்டதற்கு மகள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை; கேட்டிருக்கக் கூடாதுதான்.

இதில் பணமும் இருக்கிறது. மாநிலச் சட்டப்படி, பள்ளியில் முதலிடம் பெறுபவருக்கு டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு பருவங்களுக்குக் கல்விக் கட்டண விலக்கு உண்டு, இரண்டாமவருக்கு இல்லை. ஆனால் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் அவ்வாண்டு முதல் ஆறு விழுக்காட்டினருக்குத் தானாகவே இடமளித்ததால், சேர்க்கையைப் பற்றிய கவலை எங்களுக்கு இருக்கவில்லை. இறுதிப் பட்டியலில் 0.02 வேறுபாட்டில் அவள் இரண்டாமிடம் பெற்றாள்.

உரைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினார்கள். எழுத்து வடிவத்தை முன்கூட்டியே தந்து ஒப்புதல் பெற வேண்டும். 2021இல் டாலஸில் ஒரு மாணவி, ஒப்புதல் பெற்ற உரையை விட்டுவிட்டுக் கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி மேடையில் பேசியது நாடு முழுவதும் செய்தியானதால், எங்கள் பள்ளியிலும் சொல்லுக்குச் சொல் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். சாலுடடோரியன் என்ற சொல்லின் இலத்தீன் வேரே வணக்கம் கூறுவதைக் குறிப்பதால், "வணக்கம்" என்று தொடங்க வேண்டும் என்பது மகளின் விருப்பம். முதல் வரைவு அந்தச் சொல்லில் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது: ஆங்கிலமல்லாத சொல்லுக்கு எழுத்தில் விளக்கம் தேவையாம். விளக்கம் எழுதிக் கொடுத்தோம். அதற்கும் இரண்டாம் முறை கேள்வி வந்தது, இது மத வழிபாட்டுச் சொல்லா என்று. இல்லை, எவரும் எவருக்கும் சொல்வது என்று பதில் எழுதிய பின்னரே, விழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஒப்புதல் கிடைத்தது.

விழாவன்று அவள் ஒலிவாங்கி முன் நின்று "வணக்கம்" என்றதும், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் தம் இருக்கையிலிருந்தே உரக்க "வணக்கம்மா" என்றார். முன்வரிசைகளில் பலர் திரும்பிப் பார்க்க, மேடையில் அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுத்த வரியைத் தவறவிட்டாள்.